அளவுப் பாவாடை

ஆளை அனுப்புங்கள் என்று நான் கேட்டேன். அவர்கள் பாவாடையை அனுப்பினார்கள். என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

மலாக்கா பக்கம் லூபோக் சீனா கடைத்தெருவில், இரும்புச் சாமான் கடைக்குப் பக்கத்தில் என் தையல் கடை. என் பெயர் கமலவேணி. ஊரில் டெய்லர் அக்கா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் சி.ஐ.டி. என்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை என்னிடம் வந்து சொன்னவளையும் நான் நம்புவதில்லை.

என் ஒரே மகன் தினேஷ்வரன். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் வேலை. அவனாகப் பார்த்துக்கொண்டு வந்த பெண் ஜனகா. மலாக்கா டவுனில் கணக்காளர். சிலோன்காரர்கள். அப்பா, தாத்தா எல்லாரும் கோட் போட்டு ஆபீஸ் போன குடும்பம். அப்பா இறந்துவிட்டார். அம்மா சந்திராதேவி, ஓய்வு பெற்ற ஆசிரியை. அப்படிப்பட்ட வீட்டில், செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவருக்கும் தையல்காரிக்கும் பிறந்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை மறுப்பில்லாமல் பெண் கொடுக்கிறார்கள் என்றால், சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

பரிசம் போடுவது எங்கள் வழக்கம். அவர்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது. போட வேண்டும் என்றேன். சரி என்றார்கள். டவுன் மண்டபம் வேண்டாம், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலேயே வைப்போம் என்றேன். அதற்கும் சரி. சாப்பாடு சைவம்தான் என்றேன். ஆகட்டும் என்றார்கள். எதற்கும் பேரம் பேசாமல் சரி என்கிறவர்களைக் கண்டால் நான் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவேன். கத்தரிக்காய்க்காரன்கூட ஒரு தடவையாவது முகத்தைச் சுளிப்பான்.

பரிசத் தட்டில் வைக்கும் உடுப்பு மாப்பிள்ளை வீட்டுடையது. சேலைதான் எடுப்போம் என்றிருந்தேன். ஜனகாவுக்கு லெங்காதான் பிடிக்கும், தரை தொடுகிற மாதிரி நீளமாக வேண்டும் என்று தினேஷ் சொன்னான். மாம்பழ மஞ்சளில் பட்டு எடுத்து வந்தேன். கடையில் வாங்குவானேன், நானே குடைப் பாவாடையாகத் தைக்கிறேன், ஒரு நாள் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகச் சொல் என்றேன்.

தினேஷின் முகம் மாறியது. பெற்றவளுக்குத் தெரியாதா?

"அளவுச் சட்டை போதும்மா. நான் வாங்கிட்டு வர்றேன்."

"சட்டைக்குப் போதும்டா. தரை தொடுற பாவாடைக்கு ஆள் நிக்கணும்."

"அவ ரொம்ப பிஸி லா, அம்மா."

கல்யாணப் பெண்ணுக்கு மாமியார் வீட்டுப் படி ஏற நேரமில்லையாம். மறுநாளே பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு ரவிக்கை, ஒரு கருநீலக் குடைப் பாவாடை.

பாவாடையை விரித்ததும் நான் முதலில் பார்த்தது கீழ் ஓரத்தைத்தான். தையல்காரியின் யோக்கியதை அங்கேதான் தெரியும். குடைப் பாவாடையின் ஓரம் வட்டம். அதை நேர்த்துணி போல மடித்து அடித்தால் சுட்ட அப்பளம்போல நெளிந்துகொள்ளும். அதனால் துணியை மூலைவாட்டில் வெட்டிப் பட்டை எடுத்து ஓரத்தில் பிடிக்க வேண்டும். கிராஸ் பட்டை என்போம். மூலைவாட்டில் வெட்டிய துணிக்கு இழுவை உண்டு, வளைவுக்கு வளைந்து கொடுக்கும். அதையும் கொஞ்சம் அதிகம் இழுத்துவிட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும், தளரவிட்டால் அலையடிக்கும். இதற்கெல்லாம் டேப் கிடையாது. விரலுக்குத்தான் தெரிய வேண்டும்.

அந்தக் கருநீலப் பாவாடையில் பட்டை எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. ஒட்டுப்போட்ட இடங்கள் எல்லாம் சாய்வாக, கண்ணுக்கே தெரியாமல் இருந்தன. உள்பக்கம் கைத்தையல். வெளியே ஒரு புள்ளி தெரியவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு என்ன?

அளவு பார்க்க மேசையில் போட்டு நடுவாக மடித்தேன். இடுப்பு இடுப்போடு பொருந்தியது. கீழே பொருந்தவில்லை. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட முக்கால் அங்குலம் நீளமாக இருந்தது. மறுபடி மடித்தேன். அதே முக்கால் அங்குலம்.

குடைப் பாவாடை தொங்கத் தொங்க மூலைவாட்டாக வரும் இடங்கள் கீழே இறங்கும். அதற்காகத்தான் தைத்ததை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, பிறகு ஓரத்தைச் சமமாக வெட்டிப் பட்டை பிடிப்பது. அப்படி இறங்கியிருக்குமோ என்று பார்த்தேன். இறங்கினால் இரண்டு பக்கமும்தானே இறங்க வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் இறங்கத் துணிக்கு என்ன ஓரவஞ்சனை? சரி, தைத்தவளின் கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளலாமா? பட்டையை இவ்வளவு சுத்தமாகப் பிடிக்கத் தெரிந்த கை ஓரத்தைக் கோணலாக வெட்டுமா? வெட்டாது. இது தெரிந்தே வெட்டியது.

என் வீட்டுக்காரர் வடிவேலு அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டினேன்.

"பழைய பாவாடைய வெச்சிக்கிட்டு என்ன போலீஸ் வேல பாக்குற? மஞ்சத் துணிய வெட்டுற வழியப் பாரு."

"ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை. ஏங்க அப்படி?"

"எனக்கு என்ன தெரியும்? லோரி டயரு காத்து இறங்குன மாதிரி இருந்துச்சு, பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போய்விட்டார். டயரில் காற்று நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியாக நான் பார்த்தேன்.

அன்று மாலை சந்திராதேவிக்குப் போன் போட்டேன். அந்தப் பாவாடையின் இடுப்பு இறுக்கமாகத் தெரிகிறது, வேறொன்று இருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். பொய்யைப் பொய்யால்தான் பிடிக்க முடியும்.



"இன்னுமொண்டு பாக்க வேணுமோ?" என்றார் சந்திராதேவி. "அனுப்பிறன். வடிவாப் பாருங்கோ."

நன்றாகப் பாருங்கள் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது சவால் விடுவதுபோல் இருந்தது. நான் நன்றாகப் பார்க்க மாட்டேன் என்று நினைத்தாரா?

இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தபோது எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உள்ளே இருந்தது ஒரு சின்னப் பிள்ளையின் பாவாடை. சாயம் போன ரோஜா நிறம், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளையின் உயரத்துக்கு. கல்யாணப் பெண்ணுக்கு அளவு கேட்டால் பால் பல் விழாத வயதுப் பாவாடையா? என்னைக் கேலி செய்கிறார்களா? தூக்கி மூலையில் எறியப் போனேன். கை கேட்கவில்லை. மேசையில் போட்டு நடுவாக மடித்தேன்.

இடப்பக்கம் அரை அங்குலம் நீளமாக இருந்தது. ஓரத்தில் அதே கை பிடித்த கிராஸ் பட்டை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாவாடை கோணல் இல்லை. போட்டுக்கொள்கிறவள் நிற்பதில் கோணல். வலது கால் இடதைவிடக் கட்டை. கால் கட்டையான பக்கம் இடுப்பு இறங்கும். பாவாடையைச் சமமாகத் தைத்தால் அந்தப் பக்கம் தரையில் இழுபடும், மற்றப் பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் வலப்பக்கத்தைக் கட்டையாக வெட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குத் தரையோடு சமமாகத் தெரியும்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பெண் பார்க்கப் போனபோது ஜனகா முன்பே சோபாவில் உட்கார்ந்திருந்தாள். காப்பியைச் சந்திராதேவியே கொண்டுவந்தார். நாங்கள் கிளம்பியபோதும் அவள் எழுந்து வாசல்வரை வரவில்லை. காலில் சுளுக்கு என்று தினேஷ் காடி ஓட்டிக்கொண்டு வரும்போது சொன்னான். ஒரு தடவை டவுனில் பேரங்காடியில் பார்த்தோம். அன்று கணுக்கால் மூடிய சப்பாத்து போட்டிருந்தாள், நடையில் எதுவும் தெரியவில்லை. அவள் வெறுங்காலில் நடந்து நான் பார்த்ததே இல்லை. கோயிலில் பரிசம் என்றால் எல்லாருமே வெறுங்கால்தான். அதற்குத்தான் தரை தொடுகிற லெங்கா.

என் பிள்ளையை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்றும் ஒரு பக்கம் தோன்றியது. காதல் கண்ணை மறைக்கும் என்பார்கள். காலையுமா மறைக்கும்? எதுவானாலும் என் கண்ணால் பார்க்காமல் கோயிலில் தட்டு மாற்றப் போவதில்லை என்று முடிவு செய்தேன். பார்த்துவிட்டுத் தேவையானால் பரிசத்தை நிறுத்திவிடுவது. அடுத்த ஞாயிறு பரிசம். மாரியம்மன் கோயிலுக்கு வாழைமரம்கூடச் சொல்லியாகிவிட்டது.

வேண்டுமென்றே மஞ்சள் பாவாடையின் ஓரத்தைச் சுற்றிலும் சமமாக வெட்டினேன். பட்டை பிடிக்கவில்லை. தொங்கவிட்டேன். பிறகு ஜனகாவுக்கே போன் போட்டேன்.

"ஓரம் பாக்கணும், நீ வந்து நின்னாத்தான் பட்டை பிடிக்க முடியும். தினேஷ்கிட்ட சொல்லாத."

"சரி, மாமி. நானும் வரணும்னுதான் இருந்தேன்."

பாருங்கள், மறுபடியும் சரி.

சனிக்கிழமை காலை வந்தாள். தினேஷ் வேலைக்குப் போயிருந்தான். கடையில் நான் மட்டும். வெளியே எவரோ காடியைக் கடைக்கு நேராக நிறுத்திவிட்டு என்ஜினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய்த் திட்டலாம் என்று நினைக்கும்போது ஜனகா கதவைத் திறந்தாள்.

வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினாள். மறைக்கவில்லை. வலது சப்பாத்தின் அடி, இடதைவிடக் கனமாக இருந்தது. இரண்டையும் நான் பார்க்கும்படி ஓரமாக வைத்தாள். பிறகு உள்ளே நடந்து வந்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் வலப்பக்கம் தோள் இறங்கி எழுந்தது. அவசரப்படவில்லை. கண்ணாடிவரை நடந்து, திரும்பி, என்னைப் பார்த்து நின்றாள்.

"பாத்தாச்சா, மாமி?"

பாவாடையைக் கொடுத்தேன். திரைக்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டு வந்தாள். வெட்டும் மேசைமேல் ஏறச் சொன்னேன். இடது காலை முதலில் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் எதிர்பார்த்தபடியே மஞ்சள் பட்டு வலப்பக்கம் மேசையில் கிடந்தது. இடப்பக்கம் விரல்கள் வெளியே தெரிந்தன.

"எப்ப சொல்றதா இருந்தீங்க? தாலி கட்டுன பிறகா?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சூடாக வந்தது.

"சொல்லிட்டோமே, மாமி. ரெண்டு தடவ."

"யாரு சொன்னா? என்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல."

"வாயால சொல்லக் கூடாதுன்னு தினேஷ் எங்க அம்மாகிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. பரிசம் முடியட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னாரு. அம்மாவுக்கு மனசே ஒப்பல. ராத்திரி தூங்கல. அப்புறம் அவங்களே சொன்னாங்க, டெய்லர் வீட்டுக்குத்தானே பொண்ணு கொடுக்கிறோம், பாவாடைய அனுப்பினா அவங்களே தெரிஞ்சுக்குவாங்கன்னு. நீங்க இன்னொண்ணு கேட்டீங்க. ஒருவேள புரியலையோன்னு, நான் சின்னப் புள்ளையில போட்டத தேடி எடுத்து அனுப்பினாங்க. பிறந்ததுல இருந்தே இப்படித்தான்னு நீங்க தெரிஞ்சுக்கணும்ல?"

வடிவாப் பாருங்கோ. போனில் கேட்ட அந்தக் குரல் இப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. சவால் என்று நினைத்தேனே, அந்த அம்மாள் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்.

"அந்தப் பட்டை யார் பிடிச்சது?"

"அம்மாதான். கடையில கொடுத்தா ஓரத்த நேராக்கித்தான் கொடுப்பாங்க. அதனால அவங்களே கத்துக்கிட்டாங்க. நான் நிக்கப் பழகுனதுல இருந்து என் பாவாட எல்லாம் அவங்கதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அது ஆளை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

"என் மகன் எதுக்கு என்கிட்ட மறைக்கணும்? நான் என்ன பேயா, பிசாசா?"

ஜனகா பாவாடையின் மடிப்பை நீவிவிட்டாள். நான் விடவில்லை.

"சொல்லு. என்ன சொன்னான்?"

"நீங்க பாசார்ல ஒரு கொய்யாப்பழம் வாங்கினாக்கூட திருப்பித் திருப்பி அழுத்திப் பாப்பீங்களாம். அழுகல் இல்லன்னா, அழுத்துன இடமே அழுகிப் போற வரைக்கும் விட மாட்டீங்களாம். உன்ன அப்படி பாக்க விட மாட்டேன்னாரு." தலையைக் குனிந்துகொண்டாள். "மாமாவும் அதான் சொன்னாரு."

"அவருக்கும் தெரியுமா?"

"முதல்ல இருந்தே."

லோரி டயர். காற்று இறங்கிய மாதிரி இருந்ததாம். என் வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரெல்லாம் துப்பறிந்தவளுக்குத் தன் வீட்டுக் கூரைக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. அவர்கள் மறைத்தது இந்தப் பெண்ணின் காலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அவளை என்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காமல் இருக்க, ஊசி டப்பாவைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். டப்பா கண்முன்னால்தான் இருந்தது.

மனசு ஒரேயடியாகத் தெளிந்துவிட்டது என்று சொன்னால் பொய். கோயிலில் வெறுங்காலோடு அவள் நடந்து வரும்போது எங்கள் ஆட்கள் காதோடு காது பேசுவார்கள் என்ற நினைப்பு வந்தது. அதில் யார் முதலில் பேசுவாள் என்றும் எனக்குத் தெரியும். வரட்டும். அப்படிப் பேசுகிறவளுக்கும் ரவிக்கை தைப்பது நான்தான், இறுக்கிவிடுகிறேன்.

சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன்.

"நேரா நில்லு."

அவள் சட்டென்று வலது குதிகாலைத் தூக்கி விரலில் நின்றாள். இடுப்பு சமமாயிற்று. இப்படித்தான் எத்தனையோ பேருடைய பார்வைக்கு முன்னால் நின்று பழகியிருக்க வேண்டும்.

"அப்படி இல்லம்மா. நீ எப்படி நிப்பியோ அப்படி."

குதிகாலைக் கீழே வைத்தாள். நான் அளவுக்கட்டையை மேசையில் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்துக்குச் சாக்குக்கோடு போட்டுக்கொண்டே வந்தேன். வலப்பக்கம் கோடு மேலே ஏறியது. கருநீலப் பாவாடையில் சந்திராதேவி வெட்டியிருந்த அதே வளைவு, அதே முக்கால் அங்குலம். அவர் கைபோன வழியிலேயே என் கையும் போனது.

குண்டூசி குத்தி முடித்தேன். வெளியே அந்தக் காடி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"யாருடா இது, எண்ணெய் என்ன சும்மாவா வருது" என்று எரிச்சலோடு எழுந்தேன்.

"அது அம்மா, மாமி."

"உங்க அம்மாவா? அவங்க ஏன் வெளியில உக்காந்திருக்காங்க? என்ஜின ஏன் ஆஃப் பண்ணல?"

ஜனகா மேசைமேல் நின்றபடியே பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏதாவது சொல்லிட்டா, உடனே என்னக் கூட்டிட்டுப் போயிடலாம்னு."

மற்ற எதுவும் என்னை அப்படி அடிக்கவில்லை. நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன் என்றால், அவர்களும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். என் சந்தேகத்துக்கு ஆதாரமாக இருந்தது ஒரு பாவாடை. அவர்களுடையதற்கு நானே போதும். செருப்புகூடப் போடாமல் வெளியே போனேன்.

காடியில் சந்திராதேவி முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். திடுக்கிட்டுப் பாதி இறக்கினார்.

"கிராஸ் பட்டை வெட்டி வெச்சிருக்கேன், அக்கா" என்றேன். "வளைவுல உங்க கை மாதிரி என் கை போகாது. நீங்க வந்து பிடிச்சுக் குடுங்க. நாளைக்குப் பரிசத்துக்குப் பாவாட வேணும்."

அவர் இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கடைக்கு வரும் துணியை நான் வெளிச்சத்தில் பிடித்து இழை இழையாகப் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. பார்க்கட்டும் என்று வெயிலில் நின்றேன்.

"பிள்ளை அழுதவளோ?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நான்தான்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகுதான் என்ஜினை அணைத்தார்.